அம்மனுக்குச் சிவப்புக் கொடி காட்டிய கேட்

என் வேலைக்காலம் முழுவதும் நான் செய்த காரியம் ஒரு கேட்டை மூடுவதும் திறப்பதும்தான். போன கோடையில் அந்தக் கேட்டையே நிரந்தரமாக மூடிவிட்டார்கள். மல்லிக்குப்பத்தில் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டிச் சாலையை அதற்குள் இறக்கிவிட்டார்கள். அங்கே கடைசியாக கேட் கீப்பராக இருந்த சதீஷ், காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துக்கு என் வீட்டைத் தேடி வந்தான்.

"அண்ணா, எங்க சங்கத்துல மலர் போடறாங்க. நீங்க கேட்ட பத்தி எதுனா எழுதிக் குடுக்கணும்."

"நான் எட்டாவது ஃபெயில்பா."

"கேட்டு மட்டும் இன்னா, காலேஜா படிச்சிது? எழுதுண்ணா."

உள்ளேயிருந்து என் மனைவி சரோஜா குரல் கொடுத்தாள். "எழுதச் சொல்லு தம்பி. வீட்டுல சும்மா இருந்தா வாசக்கதவத் தொறந்து தொறந்து மூடிக்கினு இருக்கறாரு."

ஆகவே எழுதுகிறேன்.

நான் பிறந்தது இதே பிள்ளையார்பாளையத்தில், பட்டுத்தறி வீட்டில். தறிக்குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்தால் மிதி மிதியென்று கால் நாள் முழுக்க ஓடும். ஆள் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பான். அது எனக்குச் சரிப்படவில்லை. மீசை அரும்பும் முன்பே லாரி கிளீனராகக் கிளம்பிவிட்டேன். விஜயவாடா வரைக்கும் லாரி. அங்கிருந்து பம்பாய் போய் ஒரு கேன்டீனில் தட்டுக் கழுவினேன். நாக்பூரில் மஞ்சள் காமாலை வந்து, பெயர் தெரியாத ஒரு ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் படுத்து எழுந்தேன். மரக்காணம் உப்பளத்தில் ஒரு பருவம். உப்பு பாதத்தை வெடிக்க வைத்தது, வேறு ஒன்றும் செய்துவிடவில்லை. எங்கேயும் யாரும் என்னைத் துரத்தவில்லை. எனக்கே ஒரு நாள் காலையில் இந்த ஊர் போதும் என்று தோன்றும், கிளம்பிவிடுவேன்.

அப்படித்தான் ரயில்வேயில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். ஸ்லீப்பர் கட்டைகளுக்கு அடியில் ஜல்லியைக் குத்தி நிரப்பும் வேலை. முதலில் கடப்பாரை என் உள்ளங்கையைத் தின்றது, பிறகு என் உள்ளங்கை கடப்பாரையைத் தின்றது. வேலையை நிரந்தரமாக்கினார்கள். கண் பரிசோதனை செய்தார்கள், சிவப்பு எது பச்சை எது என்று கேட்டார்கள், பட்டுக்காரன் மகனுக்கு அது ஒரு கேள்வியா? சாயத்தில் உள்ள இருபது சிவப்புக்கும் பெயர் சொல்லியிருப்பேன். பாஸ் போட்டு மல்லிக்குப்பம் கேட்டுக்கு அனுப்பினார்கள். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள இவ்வளவுதான்.

திருத்தணிக்கு வடக்கே இருக்கிறது மல்லிக்குப்பம். அந்த ஊரே ரயிலால் வந்த ஊர். நீராவி இன்ஜின்கள் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டு போன இடம். இன்ஜின் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் நூல் மூட்டைகளை இறக்க முடிந்ததால் தறிக்காரர்கள் வந்து குடியேறினார்கள். தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் தெருக்கள் முளைத்தன. முதலில் மொத்த ஊரும் மதராஸில் இருந்தது. மொழி பார்த்து மாநிலம் பிரித்தபோது மொத்த ஊரும் ஆந்திராவுக்குப் போனது. பிறகு எல்லையைத் திருத்தினார்கள். கோடு போட வந்தவர்களுக்குத் தண்டவாளம் வசதியாக அமைந்துவிட்டது. கிழக்கே இருந்த தெருக்கள் தமிழ்நாடு, மேற்கே இருந்த தெருக்கள் ஆந்திரா.

கிழக்குத் தெருவின் பெரியதனக்காரர் முனிரத்தினம் இதைப் பெருமையாகச் சொல்வார். "நான் பொறந்தது மெட்ராஸு. கல்யாணம் கட்டினது ஆந்திரா. புள்ள பெத்தது தமிழ்நாடு. இன்னிக்கி வரைக்கும் ஊட்ட மாத்தினதில்ல."

அந்த எல்லையின் நடுவில் இருந்தது என் கேட். ஒரு கம்பம் தமிழ்நாட்டில், எதிர்க் கம்பம் ஆந்திராவில். இந்தப் பக்கம் கரண்ட் போனால் அந்தப் பக்கம் விளக்கு எரியும். மதுவிலக்கு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பேப்பர் தேவைப்பட்டதில்லை. சாயங்காலம் எந்தப் பக்கத்திலிருந்து தள்ளாடிக்கொண்டு வருகிறார்கள் என்று பார்த்தால் போதும். என் காலத்திலேயே அந்தத் திசை மாறியது.

வேலை இப்படி. வண்டி கிளம்புமுன் ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்வார். "கேட்டை மூடு" என்பார். நான் இரண்டு பக்கமும் பார்த்து, ஆள் மாடு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கைப்பிடியைச் சுற்றிக் கம்பங்களை இறக்குவேன். பூட்டுவேன். சாவி என் கையில் வந்த பிறகு, அவரிடம் ஒரு ரகசிய எண் சொல்வேன். அந்த எண் எனக்குக் கொடுத்திருக்கும் தாளில் மட்டும் இருக்கும். சொன்னதும் அடித்துவிட வேண்டும், மறுபடி சொல்லக்கூடாது. அவர் தன் தாளிலிருந்து எனக்கு ஓர் எண் சொல்வார். 'மூடிவிட்டேன்' என்று வாயால் சொல்வது பேச்சு, எண்ணைச் சொல்வது சத்தியம். எண் கை மாறிவிட்டால் பிறகு அரசனே வந்து நின்றாலும் வண்டி போகும் வரை கேட் திறக்காது.

இதை எனக்கு மண்டையில் ஏற்றியவர் எங்கள் பாதை இன்ஸ்பெக்டர் ஞானப்பிரகாசம் சார். டிராலியில் வருவார். நான்கு பேர் தள்ள, அவர் பெரிய குடையின் கீழ் அசையாமல் உட்கார்ந்து, கண்ணை மட்டும் தண்டவாளத்தின் மேல் ஓட்டிக்கொண்டு வருவார். வந்ததும் கேட் அறைப் படியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி உள்ளே போன ஜல்லித் துணுக்குகளைத் தட்டிக் கொட்டுவார். திட்ட மாட்டார். ஒரே ஒரு சொல்தான் அவருக்கு ஆயுதம்.

"விளக்குக்கு எண்ணெய் ஊத்தினியா?"

"ஊத்திட்டேன் சார்."

"அப்புறம்?"

"திரி வெட்டிட்டேன் சார்."

"அப்புறம்?"

"கண்ணாடி தொடச்சேன்... சார், சிவப்புக் கண்ணாடி மட்டும் தொடைக்கல சார்."

"ம்."

அவ்வளவுதான். 'அப்புறம்?' என்று கேட்டுக்கொண்டே போவார், நாம்தான் நடந்து நடந்து போய் நம் தப்பின் மேல் முட்டிக்கொள்வோம். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

இந்த இடத்தில் சரோஜாவைச் சொல்லியாக வேண்டும். அவள் மேற்குத் தெரு, அதாவது ஆந்திரா. அவர்களும் எங்களைப் போலத் தறிக்காரர்கள்தான். வீட்டில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்த சேலைகளை மடித்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, கிழக்கே வந்து காஞ்சிபுரம் பஸ்ஸில் வரும் முதலாளி வீட்டு ஆளிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் வரும்போதெல்லாம் கேட் மூடியிருக்கும். வேண்டுமென்றே இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறேன், அவள் நம்புவதில்லை.

"இன்னாங்க, எப்ப தொறப்பீங்க?"

"வண்டி போனதும்."

"வண்டி எப்ப வரும்?"

"வந்தா தெரியும்."

"இதுக்கு ஒரு ஆளு, அதுக்கு ஒரு காக்கிச் சட்ட வேற."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நான் பார்த்த அத்தனை ஊர்களிலும் என்னைப் பார்த்து இப்படிச் சிரித்தவர் யாரும் இல்லை. ஒரு வருடம் போனது. எனக்கு எந்தக் காலையிலும் இந்த ஊர் போதும் என்று தோன்றவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். காஞ்சிபுரத்திலிருந்து என் மாமாவை வரவழைத்து, சரோஜாவின் அம்மா நாகம்மாவிடம் பெண் கேட்டோம்.

நாகம்மா கணவன் இல்லாமல் மூன்று தறிகளை ஓட்டிய பெண்மணி. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"லாரியில இருந்த, பம்பாயில இருந்த, உப்பு அள்ளின. கால்ல சக்கரம் கட்டினவனுக்குப் பொண்ணு குடுத்தா, நாளைக்கி எந்த ஊருக்குப் போயி நான் தேடறது?"

"இப்ப ரயில்வேயில இருக்கறேங்க."

"ரயிலுக்குக் கால்ல சக்கரம் இல்லியா?"

மாமா எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். ஆனால் நாகம்மா முடியாது என்று சொல்லவில்லை. ஊர் வழக்கத்தைச் சொன்னார். கிழக்குத் தெருவில் குடியிருக்கும் அம்மனுக்கு மேற்குத் தெரு தாய்வீடு. ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மன் தண்டவாளத்தைத் தாண்டித் தாய்வீட்டுக்குப் போவாள். அம்மனை எதிர்கொண்டு சீர் செய்கிற முறை நாகம்மாவின் குடும்பத்துக்கு. அம்மன் வந்து இறங்கிய பிறகுதான் கிழக்கும் மேற்கும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு கல்யாணம் பேசும். கோடு போட்ட பிறகும் இது ஒரு வருடம்கூடத் தவறவில்லை.

"ஆடியில அம்மன் வரட்டும். வந்தா வெத்தல மாத்திக்கலாம். அவ வராத வருசம் எங்க தெருவுல பொண்ணு தர்றதில்ல" என்றார் நாகம்மா.

எனக்கு மகிழ்ச்சிதான். அம்மன் வராமல் போவாளா? வருடா வருடம் வருகிறவள்.

அந்த வருடம்தான் எங்கள் பாதைக்கு மின்சாரம் வந்தது. நீராவியும் டீசலும் போய், தண்டவாளத்துக்கு மேலே கம்பி இழுத்தார்கள். கம்பியில் இருபத்தையாயிரம் வோல்ட். தொட வேண்டியதில்லை, பக்கத்தில் போனாலே இழுத்துக்கொள்ளும். அதனால் கேட்டுக்கு இரண்டு பக்கமும் சாலையின் குறுக்கே இரும்புச் சட்டம் ஒன்றை வாசல்போல நிறுத்தினார்கள். அதன் மேல்விட்டத்திலிருந்து சின்னச் சங்கிலிகள் தொங்கும். சங்கிலியில் இடிக்காமல் போகிற எதுவும் மின்கம்பிக்குக் கீழே பத்திரமாகப் போகலாம். வைக்கோல் வண்டிக்காரர்கள் அதைத் திட்டினார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு இரும்புத் தோரணம் என்று பெயர் வைத்தார்கள். கிழக்குப் பக்கத்துத் தோரணம் சரியாக என் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு நேரே நின்றது.

அம்மன் வருவது சப்பரத்தில். மூங்கில் கட்டி, பட்டுச் சுற்றி, ஆள்கள் தோளில் சுமக்கும் உயரமான சப்பரம். தோரணத்தில் நுழையாது என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஞானப்பிரகாசம் சாருக்குச் சொல்லி அனுப்பினேன். டிராலியில் வந்தார். முனிரத்தினமும் தெருக்காரர்களும் கூடினார்கள். சார் படியில் உட்கார்ந்து ஷூவைத் தட்டினார்.

"எங்க அம்மன் யாருக்கும் தலை குனிஞ்சதில்ல சார்" என்றார் முனிரத்தினம்.

"அப்புறம்?"

"சாஞ்சாப்பல தூக்கிக்கினு போவ முடியாது. தோள விட்டு எறக்கவும் கூடாது."

"அப்புறம்?"

"அதனால கம்பிதான் சார் கொஞ்சம் மேல போவணும்."

"அந்தக் கம்பியும் யாருக்கும் தலை குனிஞ்சதில்லைங்க" என்றார் சார். "அரக்கோணத்துல இருந்து ரேணிகுண்டா வரைக்கும் ஒரே கம்பி. உங்க தெருவுக்கு மட்டும் தூக்க முடியாது. சப்பரத்தக் குள்ளமாக்க முடியுமா பாருங்க. நான் லைன் பிளாக் வாங்கித் தர்றேன்."

லைன் பிளாக் என்றால், இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை இந்தப் பாதையில் வண்டி விடமாட்டோம் என்று எழுத்தில் வாங்கும் அனுமதி. வண்டிதான் நிற்கும், மின்கம்பியில் கரண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒரு சப்பரத்துக்காக அதை வாங்குவது சாதாரணமில்லை. சார் எங்கே எங்கே போய் 'அப்புறம்?' கேட்டாரோ, வாங்கிவிட்டார். பாசஞ்சர் வண்டி போன பின், கூட்ஸ் வருவதற்கு முன் சாயங்காலத்தில் ஓர் இடைவெளி.

முனிரத்தினம் மூங்கிலை வெட்டி, குடையை எடுத்துவிட்டு, சப்பரத்தைப் புதிதாகக் கட்டினார். வெள்ளோட்டம் பார்க்கத் தோளில் தூக்கிக்கொண்டே தோரணத்தடிக்கு வந்தார்கள். சார் டேப் பிடித்தார், முனிரத்தினம் தன் அளவு மூங்கிலைப் பிடித்தார். சப்பரம் தோரணத்தில் நுழைந்து வெளியே வந்தது. சங்கிலிக்கும் மேற்பலகைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. எல்லோரும் கைதட்டினோம்.

"அப்புறம்?" என்றார் சார்.

"அப்புறம் இன்னா சார், அவ்ளோதான்! அம்மன் வந்துடுவா."

சார் என்னைப் பார்த்தார். நானும் அவ்வளவுதான் என்று தலையாட்டினேன். அந்த ஒரு தரம்தான் அவர் கேள்வி பாதியில் நின்றது.

வெள்ளிக்கிழமை வந்தது. பாசஞ்சர் போனது. சப்பரம் வரும் வரை கூட்டம் தண்டவாளத்தில் ஏறாதபடி கேட்டை மூடியே வைத்தேன், ஸ்டேஷன் மாஸ்டர் போனில் பிளாக் ஆரம்பம் என்றார். சார் கையில் கடிகாரத்தோடு தண்டவாளத்தின் பக்கத்தில் நின்றார். மேற்கே கேட்டுக்கு அந்தப் புறம் நாகம்மா பித்தளைத் தாம்பாளத்தோடு நின்றார், பின்னால் தெருவே நின்றது. அதில் மஞ்சள் சேலையில் சரோஜா. நான் காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தேன்.

கிழக்கே மேளம் கேட்டது. சப்பரம் தெருமுனை திரும்பியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தறிக்காரன் வீட்டில் பிறந்த எனக்கு அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முனிரத்தினத்துக்கு வந்திருக்க வேண்டும். ஆடியில் அறுக்கிற முதல் சேலை அம்மனுக்கு. அம்மன் வீதி வரும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்பாள். அந்த வீட்டுத் தறியில் அறுத்த முதல் சேலையை மடித்து, சப்பரத்தின் மேற்பலகையில் வைப்பார்கள். தாய்வீட்டு வாசலில் அத்தனையும் இறக்கிப் பூசை செய்து, மறுநாள் திரும்பும்போது அவரவர் சேலையை அவரவர் வாங்கிக்கொள்வார்கள். நாங்கள் அளந்தது கோயிலிலிருந்து கிளம்புகிற அம்மனை. கேட்டுக்கு வந்து சேர்கிற அம்மன் தெரு முழுக்க இருக்கும் தறிகளின் சேலைகளைத் தலையில் சுமந்துகொண்டு வருகிறாள். அரக்கும் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையுமாக மேற்பலகையில் ஒரு குன்றே எழுந்திருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. அவ்வளவு உயரம்.

வேலை செய்கிற கை யோசிக்க நேரம் எடுக்காது. சிவப்புக் கொடியை உருவி, தோரணத்துக்கு முன்னால் ஓடிப்போய் விரித்துக் காட்டினேன். மேளம் நின்றது. மேலடுக்குச் சேலை சங்கிலியைத் தொட, சங்கிலி சலங்கைபோல ஒலித்தது. அம்மனுக்கே சிவப்புக் கொடி காட்டிய கேட் கீப்பர் இந்தியாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"யோவ், கொடிய மடக்குயா!" என்றான் முன்தோள் கொடுத்தவன்.

"மேல பாருப்பா!"

எல்லோரும் மேலே பார்த்தார்கள். முனிரத்தினம் தன் அளவு மூங்கிலைப் பார்த்தார், சேலைகளைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சேலையை இறக்கிடுங்க" என்றார் சார்.

"எப்டி சார்? ஆத்தா மேல வச்சத அவ தாய்வீட்டு வாசல்லதான் எறக்கணும். நடுரோட்டுல எறக்கினா அது துகிலுரிக்கிற மாதிரி சார். என் கையால செய்ய மாட்டேன்."

"தாழ்த்தித் தூக்கலாமா?"

"குனிய வைக்கச் சொல்றீங்களா?" என்றார் முனிரத்தினம். கூட்டத்தில் ஒருவன் தோரணத்தையே பெயர்த்துவிடலாம் என்றான். இன்னொருவன் கடப்பாரை எங்கே என்றான். சார் போய்த் தோரணத்தின் காலில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். அவரைத் தாண்டிக் கடப்பாரை போடும் தைரியம் யாருக்கும் இல்லை.

கேட் அறையில் போன் அடித்தது. ஓடினேன். "கூட்ஸ் அடுத்த ஸ்டேஷன்ல நிக்குது. பிளாக் முடியப்போவுது. இன்னாய்யா பண்றீங்க?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். வெளியே வந்து சாரிடம் சொன்னேன்.

"பிளாக் முடிஞ்சா வண்டிய விடணும்" என்றார் சார் அமைதியாக. "இன்னிக்கு வேற இடைவெளி இல்ல."

தோளில் சுமந்தவர்களுக்கு வியர்வை ஊற்றியது. வந்த வழியே திரும்பினால் இந்த வருடம் அம்மன் தாய்வீடு போகவில்லை என்று பொருள். அதாவது வெற்றிலை இல்லை. எனக்குக் கல்யாணமும் இல்லை. அதற்குக் கொடி பிடித்து நிற்பவன் நான். தண்டவாளத்துக்கு அப்பால் சரோஜா தெரிந்தாள். அவள் சிரிக்கவில்லை. கொடியை மட்டும் நான் மடக்கவில்லை. மடக்கியிருந்தால் அந்தக் கம்பி சேலைகளோடு சுமந்தவர்களையும் சேர்த்து எரித்திருக்கும்.

அப்போது மேற்குக் கம்பத்தின் அடியில் குனிந்து நுழைந்து, தாம்பாளத்தோடு தண்டவாளத்தின் மேல் நடந்து வந்தார் நாகம்மா.

"அம்மா, கேட் மூடியிருக்கு, வரக்கூடாது" என்றார் சார்.

"மூடியிருந்தா இன்னா? வண்டி வருதா?"

"இப்ப இல்ல."

"அப்புறம்?"

சாருக்கு அவருடைய சொல்லையே ஒருவர் திருப்பிக் கொடுத்தது அதுவே முதல் முறையாக இருக்கும். கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

நாகம்மா நேரே தமிழ்நாட்டுக்குள் வந்து, தோரணத்தைத் தாண்டி, என் குவார்ட்டர்ஸ் வாசல்படியில் ஏறி நின்றார். தாம்பாளத்திலிருந்த சொம்புத் தண்ணீரைப் படியில் தெளித்தார். ஊரே கேட்கிற மாதிரி, தெலுங்கில், "இதி மா அல்லுடி இல்லு" என்றார். பிறகு தமிழர்களுக்காக ஒரு முறை: "இது எங்க மாப்பிள்ள வீடு! என் மாப்பிள்ள வீடு என் வீடு இல்லியா? இதுவும் அம்மனுக்குத் தாய்வீட்டு வாசல்தான். எறக்குங்கடா சேலய!"

முனிரத்தினம்தான் முதலில் சிரித்தார். "நாகம்மா, மாப்பிள்ளனு சொல்ட்ட. அப்புறம் வார்த்த மாறக்கூடாது."

"அம்மன் முன்னாடி சொல்லிட்டு மாறுவாங்களா? எறக்கு முனிரத்தினம், ஆத்தாளுக்குக் கழுத்து வலிக்கப்போவுது!"

சேலைகள் கைமாறிக் கைமாறி என் ஒற்றை அறைக்குள் வந்தன. என் கட்டில், என் அரிசி டப்பா, என் கைவிளக்கு எல்லாம் பட்டுக்குள் மூழ்கின. நாகம்மா கற்பூரம் காட்டினார். அம்மன் நிமிர்ந்த தலையோடு தோரணத்துக்குள் நுழைந்தாள். சங்கிலி அசையவே இல்லை. கம்பங்களைத் தூக்கினேன். கிழக்கும் மேற்கும் ஒன்றாகக் குலவையிட, அவள் கம்பிக்குக் கீழே எல்லையைத் தாண்டி ஆந்திராவுக்குப் போனாள். கூட்டத்தின் கடைசி ஆள் தாண்டியதும் கேட்டை இறக்கிப் பூட்டி, எண்ணைச் சொன்னேன். அவசரத்தில் தாளில் அடித்த கோடு வளைந்துபோனது. கூட்ஸ் தடதடவென்று போனது. டிரைவருக்கு வழக்கம்போல் பச்சைக் கொடி காட்டினேன்.

சார் என் குவார்ட்டர்ஸ் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். உள்ளே எட்டி, சேலைகளைப் பார்த்தார்.

"அப்புறம்?" என்றார்.

"கல்யாணம் சார்."

"ம்" என்றார். முதல் முறையாக அவர் பல்லைப் பார்த்தேன்.

வெற்றிலை மாற்றும்போது நாகம்மா என்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னார். "ஊரு முன்னாடி உன் வீட்ட என் வீடுன்னு சொல்லிட்டேன். இனிமே நீ ஓடினா நான் பொய்க்காரியில்ல, அம்மன் பொய்க்காரி. பாத்துக்கோ." அதுவரை யாரும் என்னை எங்கேயும் பூட்டியதில்லை. அன்றைக்குப் பூட்டினார்கள். சாவியைத் தேட எனக்குத் தோன்றவில்லை. ஓய்வு பெறும் வரை அந்தக் கேட்டிலேயே இருந்தேன்.

அடுத்த ஆடியில் சப்பரத்தை இன்னும் குள்ளமாகக் கட்டி, சேலைக்கும் சேர்த்து அளந்திருக்கலாம். யாரும் அப்படிச் செய்யவில்லை. அம்மன் நேரே வந்து என் வாசலில் நின்றாள். சேலைகளை இறக்கினார்கள், நாகம்மா கற்பூரம் காட்டினார். அவர் காலத்துக்குப் பிறகு சரோஜா காட்டினாள். நான் அந்த ஒரு நாள் மட்டும் சாப்பாட்டுக்கு முனிரத்தினம் வீட்டுக்குப் போவேன், என் அடுப்பு பட்டுக்கு அடியில் இருக்கும்.

எழுதி முடிக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று, இந்த ஆடியில் நானும் சரோஜாவும் காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்து மல்லிக்குப்பம் போனோம். கேட் இல்லை. தோரணம் இல்லை. குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள், வாசல்படிக் கல் மட்டும் கிடந்தது. அதற்கு முன்னால் சாலை சரிந்து சுரங்கப்பாதைக்குள் இறங்கியது. அடியில் முந்தின நாள் மழைத் தண்ணீர் கணுக்கால் அளவு. தலைக்கு மேலே கம்பி கிடையாது, கான்கிரீட்தான். அம்மன் குழிக்குள் இறங்கலாமா என்று பேச்சு வந்ததாம். தறிக்குழியில் இறங்காத ஒருத்தன் இந்தத் தெருவில் இருந்தால் கைதூக்கட்டும் என்று முனிரத்தினத்தின் மகன் கேட்டாராம். யாரும் தூக்கவில்லையாம்.

மேளம் வந்தது. சப்பரம் அந்த வாசல்படிக் கல்லுக்கு முன்னால் வந்து நின்றது. வீடே இல்லாத இடத்தில் கல்லுக்குத் தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, சேலைகளை இறக்கினார்கள். போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனிடம் கேட்டேன்.

"ஏம்பா, இங்க எதுக்கு எறக்கறாங்க?"

"இதான் பெரியவரே, அம்மனோட மாப்பிள்ள வீடு இருந்த எடம். ராஜா காலத்துலருந்து இங்கதான் எறக்குவாங்க."

"எந்த ராஜா?"

"அதெல்லாம் ரொம்பப் பழைய ராஜா. இங்க மாப்பிள்ள பெரிய காவல்காரராம். அம்மன் கூட அவரு சொன்னா நின்னுதான் போவணுமாம்."

சரோஜா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. எனக்கு அவனிடம் என்னென்னவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. இருபத்தையாயிரம் வோல்ட், ரகசிய எண், ஞானப்பிரகாசம் சாரின் ஷூ. அதற்குள் அவன் என் முழங்கையைப் பிடித்து மெதுவாக நகர்த்தினான்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மாப்பிள்ள வாசல மறைக்கறீங்க."

தள்ளி நின்றேன். அம்மன் நிமிர்ந்த தலையோடு குழிக்குள் இறங்கி, மழைத் தண்ணீரில் சளக் சளக்கென்று சுமப்பவர்கள் நடக்க, ஆந்திராப் பக்கம் மேடேறினாள். மேலே ஒரு கூட்ஸ் வண்டி யாரையும் கேட்காமல், எந்த எண்ணும் வாங்காமல் போய்க்கொண்டிருந்தது. என் கை தானாக உயர்ந்து பச்சைக் கொடி பிடிப்பதுபோல் நின்றது.

"எறக்குங்க கைய" என்றாள் சரோஜா. "பழைய ராஜா காலத்துக் காவல்காரரே, காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நேரமாச்சு."